கைப்பிடிப் பனிக்கு ஒரு விடுமுறை

துணை மேயர் அர்கிரிஸ் பால்கனியில் நின்று, கையை நீட்டி ஒரு பனித்துகளைப் பிடித்தார். உள்ளங்கையில் விழுந்ததும் அது தண்ணீராகிவிட்டது. இன்னொன்றைப் பிடித்தார். அதுவும் அப்படியே. அடுத்ததற்காகக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து மனைவி தெஸ்பினா கூப்பிட்டாள்.

“உள்ள வா அர்கிரி. வானத்துக்கிட்ட பிச்சை கேக்கற மாதிரி நிக்காதே. எதிர்வீட்டுல பாக்கறாங்க.”

“நிலவரம் பாக்கறேன்.”

“நிலவரம் டிவியில ஓடுது, வா.”

ஓடத்தான் செய்தது. முழங்கால் வரை பூட்ஸ் மாட்டிய ஒரு நிருபர், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் படிந்திருந்த பனியின் பக்கத்தில் நின்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கேமரா அந்தத் தட்டைவிட்டு நகரவே இல்லை. நகர்ந்தால் ஈரமான தார்ச்சாலை தெரிந்துவிடும்.

ஏதென்ஸ்காரர்களான எங்களுக்குப் பனி என்றால் அப்படி. மலையில் கொட்டினால் சரி, தெருவில் நாலு துகள் விழுந்தால் ரொட்டிக் கடையில் முற்றுகைக்குத் தயாராவதுபோல் வரிசை நின்றுவிடும். அன்று மாலை நானும் அதில் நின்று மூன்று ரொட்டி வாங்கிவந்தேன். என் வீட்டில் சாப்பிடும் ஆள் நான் ஒருவன்தான்.

அர்கிரிஸ் நல்ல மனிதர். அரசியலுக்கு வருமுன் திரைச்சீலைக் கடை வைத்திருந்தவர். யார் மனமும் கோணாமல் துணி விற்றே பழகியவர் என்பதால் நகராட்சிப் பள்ளிகளை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். மழையோ பனியோ, பள்ளியைத் திறப்பதும் மூடுவதும் மேயரின் முடிவு. மேயரோ அந்த வாரம் நட்பு நகர விழாவுக்காக ஸ்வீடன் போய், இடுப்பளவுப் பனியில் நின்று படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே முடிவு அர்கிரிஸின் தலையில் விழுந்தது.

தொலைபேசி அடித்தது. பக்கத்து நகராட்சியின் துணை மேயர் கிரிகோரிஸ்.

“நாங்க மூடிட்டோம்பா.”

“அங்க பனி பெய்யுதா?”

“இல்ல. ஆனா மேல இருக்கற ஊர்ல மூடிட்டாங்க.”

“அங்க பெய்யுதா?”

“யார் கேட்டா? இங்க பாரு அர்கிரி, நீ திறந்துவெச்சு ஒரு பிள்ளை வழுக்கி விழுந்து பல்லு உடைஞ்சா, நாளைக்கு டிவியில யார் மூஞ்சி வரும்?”

“என் மூஞ்சி.”

“மூடினா?”

அர்கிரிஸ் யோசித்தார். “யார் மூஞ்சியும் வராது.”

“அதைத்தான்டா சொல்றேன்.”

கடும் வானிலை காரணமாக நாளை பள்ளிகள் இயங்காது என்று அறிவிப்பு வெளியானது. அர்கிரிஸ் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் முழுக்கப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அர்கிரிஸுக்கு ஓட்டு வாங்கிய நாளில்கூட இத்தனை ஆரவாரம் கிடைத்ததில்லை.

மேல் மாடியில் ஒரே ஒருத்தி மட்டும் கட்டிலில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் பெயர் அஸ்பாசியா. முதல் வகுப்பில் படிக்கும் மகள் மிர்தோவைத் தனியாக வளர்ப்பவள். பல மாதம் வேலையில்லாமல் அலைந்தபின், மருத்துவமனைச் சமையலறை ஒன்றில் ஒரு வாரம் வேலை செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அதில் முதல் நாள்தான் நாளை. ஒரு நாள் தவறினாலும் அந்த இடத்துக்கு அடுத்த ஆள் வாசலில் நிற்கிறாள் என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஊரில் இத்தகைய அறிவிப்பெல்லாம், எல்லா வீட்டிலும் ஒரு பாட்டி சும்மா உட்கார்ந்திருப்பாள் என்ற நம்பிக்கையில்தான் வெளியாகிறது. அஸ்பாசியாவின் தாய் இருப்பது தொலைவான ஒரு தீவில். அன்று கப்பலும் ஓடவில்லை.

விடிந்தபோது வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருந்தது. அர்கிரிஸ் இரவு உடையில் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. வாசலில் அஸ்பாசியா. அவள் கையைப் பிடித்தபடி, தொப்பி, கையுறை, கழுத்துத்துணி எல்லாம் மாட்டிய மிர்தோ.

“சார், இவ காலையில பால் குடிச்சிட்டா. மத்தியானத்துக்கு டிரஹானா கஞ்சி டப்பாவுல இருக்கு, சூடு பண்ணிக் குடுங்க.”

“எதுக்கும்மா?”

“பள்ளி மூடியிருக்கு.”

“தெரியும், நான்தானே மூடினேன்.”

“அதனாலதான் சார் உங்ககிட்ட விடறேன். எனக்கு இன்னிக்கு வேலைக்குப் போயே ஆகணும். போகலேன்னா வேலை போச்சு. பள்ளிக்கூடம் எடுத்துக்க மாட்டேங்குது, அதை மூடினவராவது எடுத்துக்கணும் இல்ல?”

குரலில் சண்டை இல்லை. அதுதான் அர்கிரிஸைத் திணறடித்தது. சண்டைக்கு வந்தவர்களை ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். இவளோ மகளின் தலையில் முத்தமிட்டுவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கிவிட்டாள். லிப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

இந்தச் செய்தி கட்டடத்தில் பரவ அதிக நேரம் ஆகவில்லை. இரண்டாம் மாடி டாக்சி ஓட்டுநர் தன் இரட்டையரைக் கொண்டுவந்து விட்டார். தரைத்தளத்து முடிதிருத்தும் பெண் மகனை விட்டாள். “அவங்க பிள்ளைக்கு மட்டும்தான் துணை மேயரா நீங்க?” என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மருந்துக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிய தெஸ்பினா கூடத்தை ஒருமுறை பார்த்தாள்.

“நல்லவேளை, உன் பள்ளிக்கூடம் திறந்திருக்கு” என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் சோபாவின் மெத்தைகள் கோட்டையாகின. கடையிலிருந்து மிச்சம் வந்த விலையுயர்ந்த திரைச்சீலை ஒன்று ராஜாவின் அங்கியானது. அப்போது மிர்தோ வந்து அவர் சட்டையை இழுத்தாள்.

“மாமா, பள்ளிய ஏன் மூடினீங்க?”

“வெளிய ஆபத்து இருந்துச்சு கண்ணு.”

“எங்க? காட்டுங்க.”

காட்டாமல் விடமாட்டார்கள் என்று தெரிந்தது. அர்கிரிஸ் பிள்ளைகளை வரிசையாகக் கைகோக்கச் செய்து ஆபத்தைத் தேடத் தெருவில் இறங்கினார். தெரு காய்ந்து கிடந்தது. இரண்டு தெரு தள்ளிப் பூட்டிய பள்ளி. அதற்கு அந்தப்புறமும் வெயில். கடைசியில், நடைபாதையில் நின்ற ஒரு கசப்பு ஆரஞ்சு மரத்தின் நிழலில் கைப்பிடிப் பனி கிடைத்தது.

“இதுவா மாமா ஆபத்து?” என்றாள் மிர்தோ.

“இது... நேத்து பெருசா இருந்துச்சு.”

“நீங்க பொய் சொல்றீங்க, உங்க காது சிவக்குது” என்றான் இரட்டையரில் ஒருவன்.

அந்தப் பனியை உருட்டி, காப்பிக் கோப்பை உயரத்துக்கு ஒரு பனிமனிதன் செய்தார்கள். தலை வைக்கும் முன்பே உடம்பு கரைந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு கார் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. மலைக்குப் போய்வந்தவர்கள் காரின் முன்மூடியில் ஒரு பனிமனிதனை உட்காரவைத்து ஊருக்குள் ஓட்டிவருவது எங்கள் பழக்கம். இதன் மேலிருந்தவன் கேரட் மூக்கும் கால்பந்துச் சங்கத்துக் கழுத்துத்துணியுமாகச் சற்றுக் கொழுத்தவன். ஜன்னலில் கிரிகோரிஸின் சிவந்த முகம்.

“அர்கிரி! பர்னிதா மலைக்குப் போய்ட்டு வரோம்டா! மேல ரோடு கண்ணாடி மாதிரி வழுக்குது. வண்டி ரெண்டு தடவை சுத்திடுச்சு! பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஊரே அங்கதான் இருக்கு!”

பின்னிருக்கையில் அவர் பிள்ளைகள் பெல்ட் போடாமல் துள்ளிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த நடைபாதையில் இரண்டு தெரு நடந்து வகுப்பில் உட்காருவது ஆபத்து என்று பிள்ளைகளைக் காப்பாற்றினோம். காப்பாற்றியதும் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு பனியைத் தேடி மலையேறிவிட்டோம்.

மாலையில் அஸ்பாசியா வந்தாள். உடம்பெல்லாம் வெங்காய வாசனை, கண்ணெல்லாம் தூக்கம், முகமெல்லாம் சிரிப்பு.

“நாளைக்கும் வரச் சொல்லிட்டாங்க சார். பெரிய சமையல்காரர் ரெண்டு தடவை ருசி பாத்தார். ஒண்ணும் சொல்லல. சொல்லலேன்னா நல்லாருக்குன்னு அர்த்தமாம்.”

கூடத்தில் டிவி ஓடியது. அதே நிருபர், அதே பூட்ஸ். நாளை காலையும் லேசான பனி வரலாம் என்றாள். அஸ்பாசியாவின் சிரிப்பு அணைந்தது. தூங்கிவிட்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“நாளைக்கு இவள எங்க விடறது சார்? இங்கயா, பள்ளியிலயா?”

தொலைபேசி அடித்தது. கிரிகோரிஸ்தான்.

“நாங்க நாளைக்கும் மூடறோம்பா. நீ?”

அர்கிரிஸ் அஸ்பாசியாவைப் பார்த்தார்.

“நான் திறக்கறேன்.”

“பைத்தியமா உனக்கு? பனி வருதுங்கறாங்க!”

“முழங்கால் அளவு வந்தா நானே மூடுவேன். துகளுக்கு மூடமாட்டேன். காலையில உப்பு போடச் சொல்றேன். வெளிச்சம் நல்லா வந்தப்புறம், பத்து மணிக்குத் திறக்கறேன்.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“என் மூஞ்சி டிவியில வரட்டும். நேத்து நான் பனிக்குப் பயந்து மூடல கிரிகோரி. பழிக்குப் பயந்து மூடினேன். என் பயத்துக்கு மேல் மாடியில ஒருத்தியோட வேலை போக இருந்துச்சு.”

“உனக்கு வயசாயிடுச்சுடா” என்று சொல்லிவிட்டு கிரிகோரிஸ் வைத்துவிட்டார். அஸ்பாசியா காலையில் வேலைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட முடியாதே என்று தயங்க, பத்து மணிவரை மிர்தோ தன்னோடு இருக்கட்டும் என்று தெஸ்பினாவே சொன்னாள். மருந்துக் கடை மறுநாள் தாமதமாகத்தான் திறக்குமாம்.

மறுநாள் காலை பனி விழுந்தது. நிருபர் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே. பள்ளிச் சரிவில் நகராட்சி ஆட்களோடு அர்கிரிஸும் உப்பு தூவினார். அதிகாரமாக நடந்து காட்டப் போனவர், உப்பு விழாத ஒரே இடத்தில் கால்வைத்து, கேட்டுக்கு நேர் எதிரே பொத்தென்று உட்கார்ந்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிர்தோ கைதட்டினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு தாய் முறைப்பாகக் கேட்டாள்: “துணை மேயரே வழுக்கி விழறார். நாளைக்கு என் பிள்ளை விழுந்தா யாரப் போய்க் கேக்கறது?”

அர்கிரிஸ் உட்கார்ந்த இடத்திலேயே கையைத் தூக்கினார்.

“என்னைத்தான்மா. அதுக்குத்தான் என்னை உக்கார வெச்சிருக்கீங்க. ஒரு கதவை மூடறதுக்கு ஒரு பயம் போதும். திறந்து வைக்கறதுக்குத்தான் பொறுப்பா ஒரு ஆள் வேணும்.”

எழுந்து, பின்புறத்துப் பனியைத் தட்டிவிட்டு, அந்த ஒரே இடத்திலும் ஒரு கைப்பிடி உப்பைத் தூவினார்.