நூலகத்து அமைதியை ஏலம் விட்டவள்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருந்தால் சொன்ன நாக்கில் கறையான் புற்று வைக்கட்டும், எழுதிய கை எழுதுகிற வாக்கிலேயே மரத்துப் போகட்டும். இதற்கு மேல் ஆணையிட நாக்கும் கையும் தவிர வேறு சொத்து கிடையாது.

பல்கலைக்கழகத்தின் புதிய நூலகம் திறக்கப்பட்ட அன்று, ரிப்பனைக் கத்தரித்த ‘நறுக்’கென்ற ஓசைதான் அந்த வளாகத்தில் கடைசியாகக் கேட்ட ஓசை. கதவு திறந்ததும் உள்ளேயிருந்து அமைதி வெளியே வந்தது. சிறப்பு விருந்தினரின் முழங்கால் வரை ஏறி, அவர் பேச எழுந்தபோது கழுத்தைத் தாண்டிவிட்டது. மனிதர் நெடுநேரம் பேசினார். வாய் அசைந்தது, கை வீசியது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் வரவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது, அதுவும் கேட்கவில்லை. அவர் வாழ்நாளில் பேசியதிலேயே சிறந்த பேச்சு அதுதான் என்று பிறகு அவருடைய மனைவியே சொன்னார்.

காரணம் சாதாரணமானது. ஓய்வு வயது கடந்தும் நாற்காலியை விடாத நூலகருக்கு மாணவர்கள் வைத்த பெயர் உஷ். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் உதட்டில் விரலை வைத்து வைத்து, விரல் வந்து உட்காருகிற அளவுக்கு அங்கே ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. பழைய நூலகத்தில் அவர் காத்துவந்த அமைதி வீண்போகவில்லை. நாளாக நாளாகப் படிந்து, அலமாரிகளின் முதுகில் விரற்கடை கனத்துக்கும், யாரும் தொடாத கலைக்களஞ்சியங்களுக்குப் பின்னால் முழங்கை ஆழத்துக்கும் சேர்ந்திருந்தது. தொட்டால் ஈரமில்லாமல் குளிர்ந்த பஞ்சு மாதிரி இருக்கும். புதுக் கட்டடத்துக்கு மாறுகிற நாளில், ஒரு துரும்பைக்கூட விட்டுவிடக் கூடாது என்று உஷ் லோடுமேன்களிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மீறாத ஆட்கள் அவர்கள். புத்தகங்களை ஏற்றி முடித்ததும் அமைதியையும் மண்வெட்டியால் வழித்துச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். புத்தகப் பெட்டிக்கு என்ன கூலியோ அதேதான் இதற்கும். கனமே இல்லையே என்று நிர்வாகம் குறைக்கப் பார்த்தபோது, தூக்கினால் தூக்கினதுதான் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். பிறகு, எங்கே வைப்பது என்று யாரும் சொல்லாததால், எல்லா மூட்டையையும் புதிய வாசிப்பு மண்டபத்தில் அவிழ்த்துக் கொட்டினார்கள். அந்த மண்டபமோ கண்ணாடிச் சுவரும் ரப்பர் தரையுமாக, தனக்குத் தேவையான அமைதியோடுதான் கட்டப்பட்டிருந்தது. பானை கொள்ளுகிற மட்டும்தானே கொள்ளும்.

வழிந்த அமைதி படியிறங்கிப் புல்வெளியில் பரவி, வகுப்பறைகளுக்குள் புகுந்து, வெளிக்கேட் வரை போய் நின்றது. பாஸ் இல்லாமல் எதையும் வெளியே விடுவதில்லை என்று வாட்ச்மேன் கேட்டை இழுத்துப் பூட்டியதால்தான் ஊர் தப்பித்தது. உள்ளே நீரூற்று ஓசையின்றி விழுந்தது. பேராசிரியர்கள் பாடம் நடத்தினார்கள், ஒரு மாணவனுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் தேர்ச்சி விகிதம் கொஞ்சம் கூடியது. ஜென்மப் பகையாளிகளான இரண்டு துறைத் தலைவர்கள், ஒருவர் திட்டுவது மற்றவருக்குக் கேட்காததால் சிநேகிதர்களானார்கள். ஆனால் வாய்மொழித் தேர்வு நடத்த முடியவில்லை, பட்டமளிப்பு நின்றுபோனது. துணைவேந்தர் மேளம் வைத்துப் பார்த்தார், தோல் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் நிர்வாகம் முழுவதும் கேட்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குக் குடிபெயர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்து கோப்பு பார்த்தது.

அந்த ஊர் மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவளை மைக்கக்கா என்பார்கள். வாழ்க்கையில் மைக் பிடித்தே ஏலம் விட்டதில்லை என்பதால் வந்த பெயர். அவளும் அந்தப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள்தான். ஆனால் அவளுக்குப் படிப்பு கண் வழியாக ஏறாது, காது வழியாகத்தான் ஏறும். வாய்விட்டுப் படித்தால் ஒரே தடவையில் கல்லில் செதுக்கினது போல நிற்கும். மனசுக்குள் படித்தால் சல்லடையில் மொண்ட தண்ணீர்தான். கடல் நீரோட்டங்கள் என்ற பாடத்துக்கு இருந்தது ஒரே புத்தகம், அதுவும் நூலகத்தை விட்டு வெளியே போகாத ரகம். அவள் போய் உட்கார்ந்து முதல் வரிக்கு வாய் திறப்பாள், உஷ் வந்து வாசலைக் காட்டுவார். இப்படியே ஒரு பேப்பர் நின்று, அரியர் ஆகி, அவள் சந்தைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேத்தியும் பார்த்துவிட்டாள். அக்கா எடை எப்போதும் சரியாக இருக்கும், படிப்புதான் ஒரு பேப்பர் குறையும் என்று சந்தையில் கேலி பேசுவார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் அந்தக் கேலி அவளுக்குள் செரிக்காமலே கிடந்தது.

புதிய நூலகம் திறந்த சந்தோஷத்தில், அரியர் வைத்த பழைய மாணவர்களுக்கெல்லாம் ஒரு கடைசி வாய்ப்பு, இதோடு சரி, இனி எப்போதும் கிடையாது என்று அறிவிப்பு வந்தது. மைக்கக்கா அன்றே தேர்வுக் கட்டணம் கட்டிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் கடிகாரம் பழுது பார்ப்பவர், ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். அவரே கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இந்த வயசுல அரியரா? உன்கூடப் படிச்சவங்க எல்லாம் ரிட்டயர் ஆயிட்டாங்களே.”

“அவங்க வேலையில இருந்து ரிட்டயர் ஆனாங்க. நான் இன்னும் காலேஜ்ல இருந்தே ரிட்டயர் ஆகலைங்க.”

“சரி, பாஸ் பண்ணி?”

“பாஸ் பண்ணி ஒண்ணும் கிழிக்கப் போறதில்ல. தராசு முள்ளு நடுவுல நிக்கணும். எனக்கு அவ்வளவுதான்.”

சந்தையில் மூட்டை என்று பெயரெடுத்த லோடுமேன் ஒருவன் இருந்தான். நூலகத்து அமைதியை அள்ளிக் கட்டிய ஆட்களில் அவனும் ஒருவன்.

“அக்கா, அங்க போய் நீ எவ்வளவு கத்தினாலும் உன் குரல் உனக்கே கேக்காது.”

“என் குரலா? என் சத்தம் கேட்டாலே காய் பழுக்குதுன்னு சொன்னவன்டா நீ.”

“அது நீ டீ வாங்கிக் குடுத்ததுக்குச் சொன்னதுக்கா.”

மைக்கக்கா போனாள். பழைய மாணவி என்று அட்டையைக் காட்டி, கேட்டைத் தாண்டிய அடுத்த அடியில் அவள் செருப்புச் சத்தம் அறுந்து விழுந்தது. கண்ணாடிப் படிகள், மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும் அலமாரிகள், மேசைக்கு ஒரு விளக்கு, நாற்காலிக்கு ஒரு மெத்தை. தான் படித்த காலத்தில் ஆடுகிற நாற்காலிக்காகச் சண்டை போட்டதை நினைத்து, அந்த மெத்தையை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். புத்தகம் கிடைத்தது. முதல் வரிக்கு வாய் திறந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குரலை உயர்த்தினாள், தக்காளி வரத்து அதிகமான நாளில் போடுகிற உச்சக் குரலையும் போட்டாள். எதிரே இருந்த கண்ணாடியில் மூச்சு படிந்து பனித்தது, அவ்வளவுதான். படித்த வரி ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. தூரத்தில் உஷ் அவளைப் பார்த்தார், அடையாளமும் கண்டுகொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக விரலை உதட்டுக்குக் கொண்டுபோக அவசியம் இல்லாமல் புன்னகைத்தார். சந்தை முடிந்த பிற்பகல்களில் எல்லாம் அவள் வந்தாள், எல்லாப் பிற்பகலும் வெறும் தலையோடு திரும்பினாள். தேர்வு அடுத்த வாரம் என்று ஆனது.

அன்று அவள் நேராக டீக்கடைக்குப் போனாள். துணைவேந்தர் ஒரு பெஞ்சில் இருந்தார், உஷ் இன்னொரு பெஞ்சில்.

“இன்னும் வாய்விட்டுத்தான் படிக்கிறியா?” என்றார் உஷ்.

“வேற எதை விட்டு சார் படிக்கிறது?”

துணைவேந்தர் டீயைச் சிந்திக்கொண்டார். மைக்கக்கா அவர் பக்கம் திரும்பினாள். “சார், உங்ககிட்ட சரக்கு தேங்கிப் போச்சு. தேங்கின சரக்குக்கு மேளம் அடிச்சா போகாது. ஏலம் விடணும்.”

“இதை யாரும்மா வாங்குவாங்க?”

“ரைஸ் மில்லுக்குப் பக்கத்துல வீடு வெச்சிருக்கவன் வாங்குவான். ரெட்டைப் புள்ளை பெத்தவ வாங்குவா. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில நிக்கிற வீடு எத்தனை இருக்கு ஊருல? வாசல்ல வரிசை நிக்கும் சார்.”

உஷ் எழுந்தார். “அது சரக்கு இல்ல. ஒவ்வொரு பொழுதும் நான் காத்துச் சேத்தது.”

“தெரியும் சார். என்னைத் தொரத்தினப்ப சேந்ததும் அதுல ஒரு பிடி இருக்கும்.”

“ஒரு பிடியா? உன் கணக்குல மட்டும் ஒரு மூட்டை இருக்கும்,” என்றார் உஷ். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். “ஒரு மூட்டை எனக்கு வேணும்,” என்றார் மெதுவாக.

“ஏலத்துல வந்து கேளுங்க சார்.”

சத்தமே எழாத இடத்தில் எப்படி ஏலம் விடுவது என்று கேட்கலாம். மொத்தச் சந்தையில் அதற்கு வழி உண்டு. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியக் கூடாது என்றால், கையின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு, எங்கே அமுக்கினால் எவ்வளவு என்று ஒரு பாஷையே இருக்கிறது. வாயால் விற்கிறவள் என்று பெயரெடுத்த மைக்கக்கா துண்டுக்குள்ளும் கெட்டிக்காரி. மூட்டையும் அவன் ஆட்களும் மண்டபத்து அமைதியையும் வளாகத்தில் வழிந்ததையும் அள்ளிச் சாக்கில் கட்டி நூலகத்துப் படிக்கட்டில் அடுக்கினார்கள். அவள் தோளில் துண்டோடு முதல் படியில் நின்றாள். பாஸ் எழுதிக் கொடுத்ததால் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான்.

ஊரே வந்தது. மில்காரர் வந்தார், பல் டாக்டர் வந்தார், பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வண்டியோடு வந்தார்கள். ஒவ்வொருவராகத் துண்டுக்குள் கைவிட, அவள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் விரல்களைக் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் மேலே கேட்டவனைப் பார்த்துத் தலையசைப்பாள். மூட்டை முதுகில் ஏறிக் கேட்டைத் தாண்டும். நடுவில் துண்டுக்குள் வந்த ஒரு கை மெலிந்து, நுனியில் எண்ணெய் வாசனையோடு இருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே யாருடையது என்று தெரிந்துவிட்டது. கடிகாரத்தின் துடிப்பு கேட்கத் தனக்கும் கொஞ்சம் தேவைப்படுகிறது என்று வீட்டுக்காரர் பின்னர் விளக்கம் சொன்னார். மனைவியின் குரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சத்தியமும் செய்தார். கட்டினவன் என்று அவள் ஒரு விரல்கூடக் குறைக்கவில்லை. அவர் சுண்டுவிரலை ஒரு திருகு திருகிவிட்டுத்தான் மூட்டையைக் கொடுத்தாள். கடைசியாக நின்றது கலைக்களஞ்சியத்துக்குப் பின்னால் விளைந்த மூட்டை, இருப்பதிலேயே அடர்த்தியானது. மரம் அறுக்கும் மில்காரர் நல்ல விலை கேட்டிருந்தார். அப்போது உஷ்ஷின் கை துண்டுக்குள் வந்தது. அந்த மனிதருக்கு விரல் பாஷை தெரியாது. விட்டுவிடாதே என்பது போல அவள் கை முழுவதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சந்தைக் கணக்கில் அதற்கு மேல் விலை கிடையாது. அவள் தலையசைத்தாள்.

அந்த மூட்டை அவர் தோளில் ஏறி நாலடி நகர்ந்ததும், முதலில் நீரூற்றின் சத்தம் கேட்டது. பிறகு மின்விசிறிகள். பிறகு திறப்பு விழாவன்று யாரோ போட்டு இத்தனை நாளாகக் காத்திருந்த ஒரு தும்மல். மைக்கக்கா படியேறி உள்ளே ஓடினாள். புத்தகத்தை விரித்து, குளிர் நீரோட்டங்கள் துருவப் பக்கமிருந்து வெப்பக் கடலை நோக்கி வருகின்றன என்று படித்தாள். தன் குரல் தன் காதில் விழுந்தது. அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தாள், மூன்றாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு நிறுத்தவில்லை. ஏலத்துக் குரலில் கடல்கள் ஒவ்வொன்றாக மண்டபத்துக்குள் வந்து இறங்கின. மாணவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உஷ் வந்தார். அவள் பழக்கதோஷத்தில் எழுந்து வாசலைப் பார்த்தாள்.

“உக்காரு,” என்றார் உஷ். “அந்த நீரோட்டம் கரையோரமா வந்துச்சே, அப்புறம் எங்க போச்சு?” அடுத்தவர்கள் பேசாமல் படிக்கிறார்களா என்று காவல் காத்ததில், அவர் அந்த நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் படித்ததில்லை.

“சும்மாவா சார் சொல்லுவாங்க? நாற்காலிய இழுத்துப் போடுங்க.”

அந்த வாரம் முழுக்க அவள் படித்தாள், அவர் கேட்டார். அவர் கேட்ட கேள்விகளால் அவளுக்குப் பாடம் இரண்டு மடங்கு ஏறியது. கடல் நீரோட்டத் தேர்வில் அவள் முதல் வகுப்பில் தேறினாள். மண்டபத்தில் நின்று கேட்ட மாணவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் தேறினார்கள், அதில் பாதிப்பேர் வேதியியல் படிப்பவர்கள். பட்டமளிப்பு விழாவில் அங்கியைப் போட்டுக்கொண்டு மேடையேறி, துணைவேந்தரிடம் பட்டத்தை வாங்கி, நன்றி என்று ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். அது சந்தை வரை கேட்டது. லோடுமேன் மூட்டையும் மற்ற ஆட்களும் முதுகுச் சுமையை இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள், அந்தக் கைதட்டல் திரும்பி மேடை வரை கேட்டது.

இப்போது அந்த ஊர் மளிகைக் கடைகளில் அமைதி சில்லறையாகவே கிடைக்கிறது. உப்பு, புளி வாங்குகிறவர்கள் அதையும் ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் விலை சற்று ஏறும், மற்றபடி ஒரே நிலவரம்தான். நூலகத்தில் தேவையான அளவு இருக்கிறது. அதிகமாகச் சேர்ந்தால் மாதக் கடைசியில் வழித்துச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிழக்குப் பக்க ஜன்னலோரம் வாய்விட்டுப் படிப்பவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓய்வு பெற்ற உஷ் அங்கே வந்து யாராவது படிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்க வேண்டும் என்ற கோரிக்கை, அரசாங்கத்தின் பரிசீலனையில் இன்னும் இருக்கிறது.