சந்து விடாமல் செய்த வேலை

...கரியைக் கொஞ்சம் அதிகமாகப் போட்டுவிட்டோமோ, இல்லை, அளவாகத்தான் போட்டது, கணப்பில் அரை வாளி, மேலே ஈரச் சாம்பல், புகைக்குழாய் மூடியை முக்கால்வாசி திருகி மூடிவிட்டால் மத்தியானம் வரை கங்கு கிடக்கும், நெஸ்ரின் குளிரில்லாமல் தூங்கட்டும் என்றுதானே... துண்டு நெய்யும் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, பிள்ளையைக் கட்டிக்கொண்டு படுத்தவள் கண்ணைத் திறக்காமலே அதட்டினாள். "அப்பா, கணப்புல கை வைக்காதீங்க. போய் ஊரைச் சுத்திப் பாருங்க, பாகு போட்ட செஸ்நட் வாங்கிட்டு வாங்க." அதட்டாமல் அவளுக்குப் பேச வராது. முந்தாநாள் பஸ்ஸிலிருந்து கரிமூட்டையோடு இறங்கியபோதும், "பூர்சாவுல கரியே கிடைக்காதுன்னு யாருப்பா சொன்னது?" என்று நடுத்தெருவில் மானத்தை வாங்கினாள். ஸோங்குல்தாக் நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயுசைத் தொலைத்தவன் மகளுக்கு வேறென்ன கொண்டுவருவான், பட்டுத்துணியா?

பட்டுச் சந்தையின் பழைய முற்றத்தில், சினார் மரத்தடியில், வாங்கிய செஸ்நட் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு ருஸ்தம் டீயை உறிஞ்சினார். இலைகள் சும்மா உதிரவில்லை, பிய்த்து எறியப்பட்ட மாதிரி வந்து விழுந்தன. காற்று வெதுவெதுப்பாக இருந்தது. அக்டோபர் கடைசியில் இதென்ன சூடு... கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். உலுதாக் மலை கையெட்டும் தூரத்துக்கு நகர்ந்து வந்துவிட்டாற்போல், பாறை பாறையாகத் தெரிந்தது. "மாமாவுக்கு எந்த ஊரு?" என்றான் டீக்கடைக்காரன். ஊரைச் சொன்னதும், "அட, சுரங்கத்துலேர்ந்து மேல வர லீவு குடுத்தாங்களா?" பக்கத்து மேஜைகள் சிரித்தன, அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவன் நாற்காலிகளை மடக்க ஆரம்பித்தான். "லோதோஸ் கிளம்பிருச்சு. யோவ் செலால், உன் பொண்டாட்டிக்குப் போன் போடு, கணப்பைப் பத்த வச்சிடப் போகுது. மறந்துட்டியா, போன வருஷம் மேல்தெருவுல ஒரு குடும்பமே எந்திரிக்கல." ஏன் என்று ருஸ்தம் கேட்டார். "லோதோஸ்னா தெக்கத்திக் காத்து மாமா. புகையை மேல விடாது. குழாய்க்குள்ள கையை விட்டு அப்படியே கீழ அமுக்கும்."

நெஸ்ரின் போனை அணைத்து வைத்திருக்கிறாள், ஷிப்ட் முடிந்தால் அணைத்துவிடுவாள், அது பழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை, மருமகன் லாரியோடு இஸ்மீர் பக்கம், அவனுக்குப் போட்டு என்ன பிரயோஜனம்... ஏற்றம் நெஞ்சை அடைத்தது. கரித்தூள் தின்ற நுரையீரல், நாலு வீடு ஏறினால் விசில் அடிக்கிறது. நட ருஸ்தம். செஸ்நட் பெட்டி கையில் எதற்கு, போடு கீழே, இல்லை, கேட்டாளே, இல்லாமல் போனால் திட்டுவாள். சுரங்கத்தில் கூட்டாளி இஹ்சான் உட்கார்ந்திருந்தது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்? கையில் கடித்த ரொட்டி, கன்னம் சிவந்து புது மாப்பிள்ளை மாதிரி, தூங்குகிறான் என்று தோளைத் தட்டினோமே... வாடை கிடையாது அந்த விஷவாயுவுக்கு, வாடை இருந்தால் மனுஷன் எழுந்து ஓடமாட்டானா. எல்லாப் புகைபோக்கியும் வெறுமனே நின்றன. இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு கூரையில் மட்டும் புகை மேலே போகாமல், ஓட்டின் மேல் புரண்டு கீழே வழிந்துகொண்டிருந்தது.

இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கொள்கிற கதவு, சாவி உள்ளே. தட்டினார், குத்தினார், பெயர் சொல்லிக் கத்தினார். ஜன்னலுக்கு ஓடினார். நேற்று உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அடைத்த ஜன்னல், இடுக்கெல்லாம் துணி, துணிமேல் நாடா, "எறும்புகூட நுழையாது பாரு" என்று அவளிடம் பீற்றிக்கொண்டது... அரைகுறை வேலை செய்து அவருக்குப் பழக்கமில்லை. இரும்புக் கம்பிக்கிடையே கல்லை விட்டுக் கண்ணாடியை உடைத்தார். உள்ளே திரைச்சீலை ஒருமுறை ஊதி அடங்கியது.

"யாருய்யா அது, பட்டப்பகல்ல? அறிவில்ல?"

எதிர்வீட்டுக்காரி. "கடப்பாரை, கடப்பாரை கொண்டாம்மா!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார். முகத்தைக் கம்பியில் பதித்துக்கொண்டார். ஒரு டீ கிளாஸ் உடைந்தாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவள், இத்தனை பெரிய கண்ணாடி நொறுங்கியிருக்கிறது, திட்டு நெஸ்ரின்... பிறந்ததிலிருந்து அந்த அதட்டலைக் குறைத்துக்கொள் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார்.