நேர்ந்துகொண்ட முடி

என் தம்பி லோகேஸ்வரனுக்கு டேக்வாண்டோவில் பெரிய திறமை எல்லாம் கிடையாது. உடம்பு உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் சித்தூரில் அகாடமி நடத்தும் ஹேமநாத் சார். எண்பத்தேழு கிலோவைத் தாண்டினால் ஹெவிவெயிட். எங்கள் பக்கத்தில் அந்த எடைக்கு ஆளே வருவதில்லை. திருப்பதியில் நடந்த சர்வதேசப் போட்டியிலும் அந்தப் பிரிவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் சொற்பம். குலுக்கலில் லோகுவுக்கு முதல் சுற்றில் எதிராளி இல்லை. நேராக அரையிறுதி. அதில் தோற்றாலும் வெண்கலம். வெண்கலம் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை. இதுதான் சாரின் கணக்கு.

"எறங்கி வணக்கம் போடு. ஒரு ரவுண்டு தாங்கு. அப்புறம் நானே நிறுத்திடறேன். மெடல் எங்கியும் போவாது" என்றார்.

என் அம்மா தாட்சாயணிக்கு வேறு கணக்கு. மெடல் வந்தால் திருமலையில் மொட்டை என்று வேண்டிக்கொண்டு, ஒரு வருஷமாக அவன் தலையில் கத்தி படவிடவில்லை. தோளைத் தொட்ட முடியைக் கொண்டை போட்டு அதன்மேல் ஹெட்கார்டை மாட்டினால், அது தலையில் உட்காராமல் மிதந்தது. போட்டிக்கு முதல் நாள் நான் கத்தரிக்கோலோடு அவன் பின்னால் போய் நின்றேன். அவனும் தலையைக் குனிந்தான். அம்மா வந்து பிடுங்கிக்கொண்டாள்.

"சாமிக்கு நேர்ந்தது, கீர்த்தி. டிகிரி வாங்கிட்டா அதுலியும் கை வெப்பியா?"

எங்கள் வீட்டில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். பேங்க்கில் பேச நான் வேண்டும், தாசில்தார் மாதிரி இருக்கும் எம்.ஆர்.ஓ. ஆபீசில் பேச நான் வேண்டும். வீட்டில் பேசினால் மட்டும் திமிர். நைனா செருப்பைத் தேடுவதுபோல வெளியே போய்விட்டார்.

"வுடுக்கா, ஒரு ரவுண்டுதானே" என்று லோகு சிரித்தான்.

அரையிறுதியில் எதிரே வந்த உஸ்பெக்கிஸ்தான்காரன் பீரோ மாதிரி இருந்தான். ஆனால் முதல் ரவுண்டில் லோகுவின் கால் அவன் மார்புக் கவசத்தில் சரியாக விழுந்துவிட்டது. புள்ளி ஏறியது. உள்ளூர்ப் பையன் என்று அரங்கமே கத்தியது. அந்தச் சத்தம் லோகுவின் தலைக்கு ஏறவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்த சாரின் தலைக்கு ஏறியது. ரவுண்டு முடிந்ததும் லோகு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவர் தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினார்.

"ஆடு. ஃபைனல் கண்ணுக்குத் தெரியுது."

முன்வரிசையில் இருந்த எனக்கே அது கேட்டது. போதும், நிறுத்துங்கள் என்று நான் கத்தியதும் அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

இரண்டாவது ரவுண்டில் இருவரும் முட்டிக்கொண்டபோது ஹெட்கார்டு நழுவி லோகுவின் கண்ணை மறைத்தது. அதைத் தள்ளிவிட ஒரு கையைத் தூக்கினான். நடுவர் வாயைத் திறப்பதற்குள், சுழன்று வந்த குதிகால் காதுக்கு மேலே வெறும் மண்டையில் இறங்கியது. அவன் விழுந்ததும் முதலில் மண்டியிட்டுத் தொட்டவன் அந்த உஸ்பெக்கிஸ்தான்காரன்தான்.

மூளையில் ரத்தம் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் முடியை வழித்து, மண்டையோட்டில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். வீக்கம் வற்றிய பிறகு மறுபடி பொருத்துவார்களாம். லோகு பிழைத்தான். பேச்சு வரவில்லை. வலது கை எழும்பவில்லை. சார் மெடலைக் கொண்டுவந்து கட்டிலில் மாட்டி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். அகாடமி வாசல் பேனரில் இப்போது லோகுதான் இருக்கிறான், பழைய படத்தில், கொண்டையோடு. போலீஸ் வேலைக்கு ஓட வேண்டும், மெடிக்கல் தேற வேண்டும்.

அம்மா அழுததெல்லாம் முடிக்காக. சாமிக்குச் சேர வேண்டியது ஆஸ்பத்திரிக் குப்பைக்குப் போனதால்தான் அவன் வாய் அடைத்துவிட்டது என்றாள். பேச்சு வந்தால் மொட்டை என்று மறுபடி வேண்டிக்கொண்டாள். மறுபடி வளர்த்தாள்.

எலும்பைப் பொருத்த டாக்டர் நாள் குறித்தார். முடியை ஒட்ட வெட்டிக் கூட்டிவரச் சொன்னார்.

"பேச்சு வரட்டும். நாளைத் தள்ளிப் போடச் சொல்லு" என்றாள் அம்மா.

"மண்டையில எலும்பே இல்லாம திரிஞ்சிக்கினு இருக்கான்மா."

"உனுக்கு சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

கத்தரிக்கோலை எடுத்தேன். அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். தள்ளினேன். சுவரில் மோதி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நைனா செருப்பைத் தேடிக்கொண்டு போனார்.

லோகு அன்றைப் போலவே தலையைக் குனிந்தான். எலும்பில்லாத இடத்தில் தோல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கத்தரியின் நுனி அதில் படாதபடி மெதுவாக வெட்டினேன். அம்மா தரையில் நகர்ந்து வந்து, விழுந்த முடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள்.

நான் வெட்டுவதை நிறுத்தவில்லை.