கல் போன பிறகும்

சிற்பி செய்த முதல் கல்லை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அது நின்ற இடம் வீட்டிலேயே தங்கிவிட்டது. மறுநாள் காலையில் சிற்பியின் கணவர் காபித் தம்ளரோடு கூடத்தைக் கடந்தபோது, வெறுந்தரைக்கு நடுவில் எதிலோ முழங்காலை நச்சென்று இடித்துக்கொண்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை நீட்டினால் கல்லின் குளிர்ச்சி தட்டுப்பட்டது, அரம் போட்டுத் தேய்த்த வழவழப்பு தட்டுப்பட்டது, இடுப்பு உயரத்தில் மனைவி குடைந்திருந்த பெரிய துளையும் இருந்தது. துளைக்குள் கையை விட்டு மறுபக்கம் விரல்களை ஆட்டிப் பார்த்தார். "இங்க வந்து பாரேன், கல்லு போயிடுச்சு, ஆனா போகல" என்று குரல் கொடுத்தார். சமையலறையிலிருந்து வந்த சிற்பி இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, "ஆமா, என்னோடதுதான்" என்றார். சிந்திய காபியைத் துடைத்துவிட்டுக் கணவர் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவர் தையல்காரர், அன்றைக்குள் ஒரு கோட்டு தைத்து முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

சிற்பியின் கற்கள் எதைப் போலவும் இருக்காது. ஆள் இல்லை, மிருகம் இல்லை, பறவை இல்லை. ஒரு வளைவு, அதற்குள் ஒரு குடைவு, குடைவின் வழியே தெரியும் எதிர்ச்சுவர், அவ்வளவுதான். தனிப் பட்டறை இல்லாததால் கூடத்தில்தான் வேலை. ஒவ்வொரு கல்லும் முடிந்ததும் தையல்காரர் ஒரு சுற்று சுற்றி வந்து, "நல்லாத்தான் இருக்கு. இது என்னது?" என்பார். "இது இதுதாங்க" என்பார் சிற்பி. அதற்குமேல் இருவருக்குள்ளும் கலையைப் பற்றிப் பேச்சு வளர்ந்ததில்லை. கேலிக்காக அவர் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியவில்லை, புரியாமல் இருப்பது செருப்புக்குள் போன மணல்போலச் சன்னமாக உறுத்தியது. உலகத்தில் எந்தச் சட்டையைப் பார்த்தும் யாரும் இது என்னது என்று கேட்பதில்லையே.

பெரிய நகரத்து அருங்காட்சியகம் ஒன்று சிற்பியின் கற்களுக்கென்றே தனி மண்டபம் கட்டி, செய்யச் செய்ய வாங்கிக்கொண்டு போனது. ஒவ்வொரு கல்லும் போகும்போது தன் இடத்தை விட்டுவிட்டுப் போனது. கூடம் நிறைந்தது, நடை நிறைந்தது, பின்கட்டுக்கும் இடநெருக்கடி வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது சாமான் செட்டே இல்லாத வீடு. உள்ளே நடக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மூன்றாமவளான மகள் தவழும்போதே வழியைக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் கூடத்தில் வளைந்து நெளிந்து ஓடுவாள். சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற ஒன்றுக்கு மாமியார் என்று பெயர் வைத்தவளும் அவள்தான். தையல்காரர் ஈரத் துண்டைக் காற்றில் தொங்கப்போடுவார், துண்டு தொங்கும். பூனை ஜன்னலோரத்துத் துளைக்குள் சுருண்டு, தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேலே தூங்கும். வந்த விருந்தாளிகள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார்கள். மகள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனாள்.

அப்புறம் ஒரு விடுமுறை நாளில் அருங்காட்சியகத்தின் கூரை இடிந்து விழுந்தது. உள்ளே ஆட்கள் யாரும் இல்லை. கற்கள் எல்லாம் உள்ளேதான் இருந்தன, ஒன்றுகூட மிஞ்சவில்லை. செய்தியைத் தொலைபேசியில் சொன்ன அருங்காட்சியகத் தலைவர் பாதியிலேயே அழுதுவிட்டார். சிற்பி அழவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அதன்பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதே வேலையாயிற்று. தலைமுடி அந்த மழைக்காலத்துக்குள் முழுக்க வெளுத்தது. "வீட்ல எல்லாம் அப்படியேதானேம்மா இருக்கு" என்று மகள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். "என் கண்ணுக்குத் தெரியலையேடி" என்றார் சிற்பி.

தையல்காரருக்கு ஆறுதல் சொல்ல வராது. எதைச் சொன்னாலும் அளவு தப்பிய சட்டைபோல நிற்கும் என்று அவருக்கே தெரியும். ஆகவே ஒரு காலையில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் இருந்த முதல் கல்லின் இடத்துக்கு அளவெடுக்க ஆரம்பித்தார். எடுக்க எடுக்க வேர்த்தது. எங்கே முன்பக்கம் முடிகிறது, எங்கே முதுகு தொடங்குகிறது என்று பிடிபடவே இல்லை. வளைவு இன்னொரு வளைவுக்குள் நழுவிப் போய்க்கொண்டே இருந்தது. முதலில் வெட்டிய வெள்ளைத் துணி பாழானது. அடுத்ததும் பாழானது. துளைக்கு என்ன செய்வது என்று நாள்கணக்கில் யோசித்து, கடைசியில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு சட்டைக் கைபோலத் தைத்து உள்ளே விட்டார். அந்தத் தையலைச் சேர்க்கக் கன்னத்தைக் கல் இல்லாத கல்லின்மேல் அழுத்தி, தோள்வரை கையை நுழைத்து, குருட்டாம்போக்கில் ஊசி போட்டார். கை போன போக்கில், இந்த வளைவு இங்கே திரும்பாவிட்டால் தாங்காது என்று விரல்களுக்குப் பட்டது. இத்தனை வருஷமும் தான் வேறெதையோ தேடியிருக்கிறோம் என்று நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டார்.

சிற்பி ஜன்னலிலிருந்து திரும்பியபோது கூடத்தின் நடுவே வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு அது நின்றது. எழுந்து வந்தார். சுற்றி வந்தார். துணியின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இங்க இழுக்குது" என்றார்.

"எங்க?"

"உள்வளைவுல. நான் அவ்வளவு அவசரமா திருப்பலைங்க. பிரிச்சுத் தைங்க."

"நாலு நாள் வேலை அது!"

"எனக்கு நாலு மாசம்."

தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். சிற்பி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தார். "இந்தத் தடவை இது என்னதுன்னு கேக்கவே இல்லையே நீங்க" என்றார். "உள்ள கைய விட்டுட்டேன்ல, அப்புறம் என்ன கேக்கிறது" என்றார் தையல்காரர். கூரை இடிந்த பிறகு சிற்பி முதல்முறையாக, துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். தையல்காரர் ஊசியை ஓரமாகக் குத்திவைத்துவிட்டு, அழுது முடிக்கும்வரை முதுகில் கைவைத்துக் காத்திருந்தார்.

வீடு முழுக்க உடுப்புத் தைத்து முடிய நெடுநாள் பிடித்தது. மாமியாருக்குத்தான் துணி அதிகம். அருங்காட்சியகத் தலைவர் கேள்விப்பட்டு ஓடி வந்தார், ஒவ்வொன்றின் முன்னாலும் கைக்குட்டையை எடுத்தார், இவற்றையும் கொண்டுபோய்விடலாம் என்று ஆட்களை அழைத்து வந்தார். கயிறு போட்டு இழுத்ததில் உடுப்பு மட்டும் கழன்று வந்தது. சரி, ஜனங்கள் இங்கேயே வந்து பார்க்கட்டும் என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் உடுப்போடு பார்க்கலாம். திங்கட்கிழமை உடுப்பெல்லாம் துவைத்துக் கொடியில் காயும். உளிகள் பரணிலிருந்து இறங்கின. வீட்டில் இனி இடமில்லை என்பதால் அடுத்த வீட்டு மெக்கானிக் தன் ஷெட்டில் பாதியை ஒழித்துக் கொடுத்தார். அங்கிருந்து போன கற்களும் தங்கள் இடத்தை விட்டுத்தான் போயின. கார்களை வளைத்து நிறுத்த அவர் பழகிக்கொண்டார்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒரு திங்கட்கிழமை மதியம் மகள் குழந்தையைக் கூடத்தில் இறக்கிவிட்டிருந்தாள். அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் உடுப்புத் தைக்கக் கொடுக்க வந்து, வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தாள். குழந்தை தவழ்ந்து போய், இரண்டு கையையும் தூக்கி, தள்ளாடி எழுந்து, கூடத்தின் நடுவில் நின்றது.

"அட, எதையும் பிடிக்காம நிக்கிறாளே!" என்றாள் வந்தவள்.

"பிடிச்சுக்கிட்டுதாம்மா நிக்கிறா" என்றார் தையல்காரர், அளவெடுக்க டேப்பை உதறிக்கொண்டே.