மொக்கை வந்திருக்கு

நல்ல படத்துக்குப் போனதால் ஒரு குடும்பம் பிரிந்தது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் குடும்பம் அப்படித்தான் பிரிந்தது.

என் வீட்டுக்காரர் முத்துக்கிருஷ்ணன் நிலக்கோட்டையில் பூ கமிஷன் கடை வைத்திருக்கிறார். இருட்டோடு இருட்டாக மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு வேலை திண்டுக்கல்லில், பேகம்பூர் நர்கீஸ் அக்காவின் மூக்குக்கண்ணாடிக் கடையில். நான் பஸ் பிடித்து வீடு சேரும்போது அவர் முதல் தூக்கத்தில் இருப்பார். நான் கண் விழிக்கும்போது அவர் தலையணையில் மல்லிகை வாசம் மட்டும் இருக்கும். கல்யாணம் ஆனவர்கள் என்று ரேஷன் கார்டு சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மட்டும் வேறு. ஜும்மா தொழுகைக்குக் கடையைச் சாத்தினால் நர்கீஸ் அக்கா அன்றைக்கு மறுபடி திறப்பதில்லை. என் வீட்டுக்காரருக்கும் மதியத்துக்குள் வியாபாரம் முடிந்துவிடும். புதுப்படம் வருவதும் வெள்ளிக்கிழமைதான். நல்ல படத்துக்கு டிக்கெட் கிடைக்காது, மொக்கைப் படத்துக்குக் கேட்ட இடத்தில் சீட்டு. அப்படி ஆரம்பித்த பழக்கம் பிறகு விடவே இல்லை. போஸ்டரைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், தலைவலி நிச்சயம் என்று. தெரிந்தேதான் போவோம்.

எங்களுக்கென்று ஒரு ஹீரோ இருந்தான். பூட்டிய அறைக்குள் நின்றாலும் அவன் முடி பறக்கும். கிணற்றுக்குள் விழுந்தாலும் பறக்கும். அவனுக்கு நாங்கள் வைத்த பேர் டேபிள் ஃபேன். அவன் படம் வந்தால் அவரிடமிருந்து எனக்கு ஒரே வரியில் மெசேஜ் வரும்: 'மொக்கை வந்திருக்கு.' நான் 'வேணும்' என்று போடுவேன். அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் நாங்கள் போனது படம் பார்க்க மட்டுமில்லை. நல்ல படத்தில் வாய் திறக்க முடியாது, மொக்கைப் படத்தில் தாராளமாகப் பேசலாம். கதாநாயகி பனிமலையில் ஆடும்போது என் அம்மாவின் முட்டிவலியைப் பற்றிப் பேசினோம். வில்லன் பல்லைக் கடிக்கும்போது அவர் தம்பியோடு வந்த மனஸ்தாபத்தைப் பேசினோம். எங்களுக்குப் பிள்ளை இல்லாததைப் பற்றி நாங்கள் முதன்முதலாக மனம்விட்டுப் பேசியது ஒரு கிளைமாக்ஸ் சண்டையில். அவர் அழுதார், நானும் அழுதேன். திரையில் டேபிள் ஃபேன் ஒரு லாரியைக் கையால் நிறுத்திக்கொண்டிருந்தான்.

போன வருஷம் நர்கீஸ் அக்காதான் கெடுத்தார். "எம்புட்டு நல்ல படம் தெரியுமா மாலதி, அவரையும் கூட்டிட்டுப் போ" என்று டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தார். தியேட்டர் நிறைந்து வழிந்தது. ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. எனக்கோ அன்றைக்கு அவரிடம் ஒன்று சொல்லியே ஆகவேண்டியிருந்தது. நிலக்கோட்டை வீட்டில் எனக்குத் தனியாக இருக்கிறது, திண்டுக்கல்லில் ஒரு வீடு பார்ப்போமா என்பதுதான் அது. வாரக்கணக்காக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். "ஏங்க..." என்று ஆரம்பித்தேன்.

"உஷ்" என்றார் அவர். "படத்தப் பாரு."

என்னைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னதே இல்லை. இடைவேளையில் எழுந்தேன், பஸ் ஏறினேன், அம்மா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், மனுஷன் மீதிப் படத்தையும் முழுசாகப் பார்த்திருக்கிறார். விளக்கு போட்ட பிறகுதான் பக்கத்து சீட்டு காலி என்பதே தெரிந்ததாம். சண்டை பெரிதாவதற்கு இது போதாதா? அவர் வந்து கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். போனவள் தானாக வரட்டும் என்று அவர் இருந்தார். வருஷம் ஓடிவிட்டது.

இந்த ஒரு வருஷத்தில் அவரிடமிருந்து எனக்கு வந்தது பூ விலை மட்டும்தான். தினம் காலையில் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் ஒரே மெசேஜ் அனுப்புவார், அதில் என் நம்பரும் இருந்தது. அவர் அதை நீக்கவில்லை, நானும் பிளாக் பண்ணவில்லை. மல்லிகை ஏறியிருந்தால், இன்றைக்கு மனுஷன் இரண்டு இட்லி கூடச் சாப்பிடுவார் என்று நினைத்துக்கொள்வேன். இறங்கியிருந்தால் எனக்கும் சாப்பாடு இறங்காது. போனில் மொக்கைப் படங்களை ஒன்று விடாமல் தனியாகப் பார்த்தேன். ஒருமுறைகூடச் சிரிப்பு வரவில்லை. அவர் கிண்டல் அடிக்க வேண்டிய இடம் வந்தால் நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர் இல்லாமல் பார்த்தால் மொக்கைப் படம் வெறும் மொக்கைப் படம்தான்.

போன வெள்ளிக்கிழமை டேபிள் ஃபேனின் புதுப்படம் வந்தது. அன்று காலை பூ விலைக்குப் பதிலாக இது வந்தது: 'மொக்கை வந்திருக்கு. வேணும்னா சொல்லுங்க.'

கையில் இருந்த கண்ணாடிச் சட்டத்தை நழுவவிட்டேன். நர்கீஸ் அக்கா நிமிர்ந்து பார்த்தார். 'வேணும்' என்று அடித்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது.

'நெசமாவா?'

'நெசமாத்தான். மதியம் வாங்க.'

'வாரேன்.'

கடை சாத்தும்வரை நான் பவர் பார்த்துக் கொடுத்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி சரியாக இருக்கிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

அம்மாவுக்குப் போனில் சொல்லிவிட்டு, நாங்கள் எப்போதும் போகும் தியேட்டர் வாசலில் இரண்டு டிக்கெட்டோடு நின்றேன். ஆட்டோ வந்தது, பைக் வந்தது, அவர் வரவில்லை. உள்ளே படம் போடும் சத்தம் கேட்டது. இந்த மனுஷனை நம்பி வந்தேன் பார் என்று என்னையே திட்டிக்கொண்டு, அவர் டிக்கெட்டை வாசலில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் தியேட்டர் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. டேபிள் ஃபேன் படத்துக்கு இவ்வளவு கூட்டமா?

கொஞ்ச நேரத்தில் பக்கத்து சீட்டு கிரீச்சிட்டது. அதற்கு முன்பே வாசம் வந்துவிட்டது. மடியில் ஒரு பெரிய பையோடு அவர் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார்.

"ஒங்கம்மா வீட்டுக்குப் போனேன். அத்ததான் நீ இங்க வந்துட்டன்னு சொன்னாங்க" என்றார் மெதுவாக. பையை என் மடிக்கு நகர்த்தினார். ஐஸ் வைத்துக் கட்டிய மல்லிகை, அத்தனையும் விரியாத மொக்கு.

"இதெதுக்குங்க?"

"நீதான மொக்கு வேணும்ன?"

"மொக்கா? மொக்கைன்னு போட்டிருந்தீங்களே!"

போனை எடுத்துப் பார்த்தார். பூ ஈரக் கையோடு டைப் அடிக்க முடியாதென்று எப்போதும் வாயால் சொல்லித்தான் அனுப்புவார். இவர் மொக்கு என்று சொன்னது போனுக்கு மொக்கை என்று கேட்டிருக்கிறது. பூக்காரர்கள் அத்தனை பேருக்கும் அப்படியே போயிருக்கிறது.

எனக்குக் காது வரை சுட்டது. கூப்பிடாத படத்துக்கு ஓடி வந்து நிற்கிறேன்! அவர் முகமும் விழுந்துவிட்டது. "நீ பூ கேட்டு அனுப்பியிருக்கன்னு நெனச்சேன். பூ கேக்குறவ திரும்பி வாரதுக்குத்தான் கேக்குறான்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

"ஏங்க, நான்..."

"உஷ்! போன அணைங்க சார்" என்றது பின்வரிசை.

அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தேன். டேபிள் ஃபேன் முடியை ஒட்ட வெட்டியிருந்தான். சுங்கச்சாவடியில் ரசீது கொடுக்கிறவனாக வந்தான். பறக்கவில்லை, பாயவில்லை, பஞ்ச் வசனம் பேசவில்லை. வீட்டில் யாருமில்லாமல் தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டான். சந்தேகமே இல்லை, படம் நல்லாயிருந்தது.

இத்தனை வருஷம் விடாமல் மொக்கையாக நடித்த பாவி, இன்றைக்கா நடிப்பைக் கற்றுக்கொள்ள வேண்டும்? ஒரு கனவுப் பாட்டு வரட்டும், ஒரு லாரியையாவது நிறுத்தட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷத்துப் பேச்சு என் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் கண் திரையிலேயே இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. போன வருஷமும் இதே முகம்தான். அவ்வளவுதான், படம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். இடைவேளை வந்ததும் எழுந்துவிடலாம், பஸ் இருக்கிறது.

பையின் கைப்பிடியைப் பற்றினேன். அதன்மேல் அவர் கை வந்தது.

"மாலதி, படம் நல்லாருக்கு."

"தெரியுது."

"எந்திரி, போவோம்."

புரியாமல் பார்த்தேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். பின்வரிசை கத்தியது. திரையில் முக்கியமான கட்டம்போல, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவர் காலாகத் தாண்டிப் போனார். திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே டிக்கெட் கிழிக்கிறவர் பதறினார். "என்ன சார், இந்தப் படத்துக்கா எந்திரிச்சு வாரீங்க? ஊரே நல்லாருக்குங்குது!"

"பக்கத்து ஸ்கிரீன்ல என்னங்க ஓடுது?"

"ஐயோ, அது வேண்டாம் சார். படு மொக்கை. உள்ள ஒருத்தரு தூங்கிட்டிருக்காரு, அம்புட்டுத்தான்."

"அதுக்கே ரெண்டு குடுங்க" என்றார் அவர்.

உள்ளே பேய்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேய்க்கு விக் நழுவியிருந்தது. தூங்குகிறவரின் குறட்டை படத்தின் இசையைவிட நன்றாக இருந்தது. நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். அவர் திரைக்கு முதுகைக் காட்டி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்னைக்கு 'ஏங்க'ன்னு ஆரம்பிச்சியே" என்றார். "என்ன சொல்ல வந்த? இப்பச் சொல்லு."

மனசுக்குள் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை. "எனக்குத் தனியா இருக்குங்க" என்று மட்டும் வந்தது. அதோடு அழுகையும் வந்தது.

"எனக்கும்தான்" என்றார்.

பிறகு பேசினோம். பேய் கத்தியது, இன்னும் சத்தமாகப் பேசினோம். அந்தப் படத்தின் கதை என்ன என்று கேட்டால் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.