எண்ணெய் ஏறும் வழி

குல்சார் பேகம் கார் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டை இரண்டாம் தடவையாகக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தபோது, புளி கரைக்க இடமில்லாமல் போயிற்று. போகட்டும். ஒரு நாள் ரசம் இல்லாவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

"நாளைக்குக் காலைல முருகவேல் வந்து கார எடுத்துக்குவாரும்மா" என்று மகன் ஷாரிக் சொல்லிவிட்டுப் போயிருந்தான். முருகவேல் பழைய இரும்பு எடுக்கிறவர். கார் நிற்கிற ஷெட்டில் ஷாரிக் தன் பனியன் யூனிட்டுக்கு இன்னும் நாலு ஓவர்லாக் தையல் மெஷின் போட வேண்டுமாம். கணவர் விட்டுப்போன பழைய பியட் அது. அவர் மௌத்தான பிறகுதான் அவள் ஓட்டவே கற்றாள். ஊத்துக்குளியில் அக்கா வீட்டுக்கோ, தாராபுரத்துக் கல்யாணத்துக்கோ, நினைத்தால் கிளம்பிவிடுவாள். இது போனால் இனி எங்கே போவதற்கும் மகன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அவன் கெட்டவனும் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டவன் என்றால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும்.

போன மாதம் எஞ்சின் சூடாகி கேஸ்கெட் போனது. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறையில் மட்டம் பார்த்து, வால்வுகளைத் தானே தேய்த்து உட்காரவைத்து, எல்லாம் சரியாகத்தான் பூட்டினாள். ஆனால் ஸ்டார்ட் செய்ததும் மேலே வால்வுகளைத் தட்டுகிற ராக்கர்கள் எண்ணெய் இல்லாமல் கிறீச்சிட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்துவிட்டது. "உனக்கெதுக்கும்மா இந்த வேல?" என்றான் ஷாரிக், எல்லார் முன்னாலும்.

இப்போது ஹெட்டில் எண்ணெய் ஏறும் துளையில் வாய் வைத்து ஊதினாள். காற்று போகவில்லை. கம்பியை விட்டு இழுத்தாள். ரோஸ் நிறத்தில் பஞ்சு வந்தது. பனியன் வேஸ்ட், பனியன் துணியில் வெட்டி மிஞ்சுகிற துண்டு. இந்த ஊரில் பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் கை அதற்குத்தானே போகும்? ஒவ்வொரு பாகத்தையும் அதால்தான் துடைத்திருந்தாள். பனியன் கம்பெனி செக்கிங்கில் வேலை பார்த்தபோது ஒரு நூல் தொங்கினாலும் பீஸைத் திருப்பி அனுப்பியவள் அவள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரம்தான்.

எழுந்து போய், மெஷின்களில் பஞ்சு ஊதுகிற ஏர் கன்னை ஷாரிக்கைக் கேட்காமலே எடுத்து வந்து துளையில் வைத்து அழுத்தினாள்.

காலையில் முருகவேலின் மினி லாரி கேட்டை அடைத்து நின்றது. குல்சார் ஹெட்டைப் பூட்டி முடித்திருந்தாள். எண்ணெய் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மேல்மூடியை மட்டும் போடவில்லை.

"ஏனுங்கம்மா, கயிறு கட்டீரலாமுங்களா?"

"பொறுங்க. ஓடாட்டி நானே கட்டித் தாரேன்." மகனைப் பார்த்தாள். "சாவியப் போடு கண்ணு."

எஞ்சின் இருமிப் பிடித்துக்கொண்டது. ராக்கர்கள் வறட்சியாகத் தட்டின. எண்ணெய் வரவில்லை. அவள் ராக்கர்கள் மேல் இன்னும் குனிந்தாள்.

"நிறுத்தீரட்டுமாம்மா?"

"நிறுத்துனீன்னா பாரு!"

முதல் ராக்கரில் ஈரம் மினுங்கியது. அடுத்ததில் வழிந்தது. கடைசி ராக்கர்வரை எண்ணெய் போய்ச் சேர்ந்ததும் சத்தம் தணிந்தது. ஒரு சொட்டு தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தது.

"முருகவேலு, லாரியக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. நா ஊத்துக்குளி போவோணும்."

அவர் ஷாரிக்கைப் பார்த்தார். ஷாரிக் காரிலிருந்து இறங்கி வந்து, பக்கத்தில் கிடந்த ரோஸ் நிறப் பனியன் வேஸ்ட்டை எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. கன்னத்தைப் புறங்கையால் இழுத்துத் துடைத்தாள். காதுவரை கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அப்படியே குனிந்து, மேல்மூடியை எடுத்தாள்.