வலக்கை மாப்பிள்ளை

“இது அப்பா மாதிரியே இல்லையேண்ணே,” என்றாள் மகள்.

ஸ்டுடியோக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். விடிகாலையில் அப்பா போய்விட்டார். மூன்று மணிக்கு உடலை எடுக்கிறார்கள். அதற்குள் பெரிதாக்கித் தரச் சொல்லிப் பழைய நெகட்டிவ் ஒன்றைக் கொடுத்திருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு அப்பா சிரிக்கிறார். ஆனால் யாரோ போல இருக்கிறார்.

“வாட்ச் வலது கையில இருக்கு. அவர் இடது கையிலதான் கட்டுவார்.”

“அடடா, அவசரத்துல நெகட்டிவைத் திருப்பி வச்சுட்டேன்மா. இடது வலதா மாறிடுச்சு. அஞ்சு நிமிஷம் உட்காரு.”

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிட்டாள்.

வீட்டுச் சுவரில் பத்தொன்பது வருஷமாக இன்னொரு படம் தொங்குகிறது. போர்க்காலத்தில் விழுந்து நொறுங்கிய விமானத்தின் வால், பக்கத்தில் ஒரு சிப்பாய், பின்னால் இரட்டைச் சிகரம். சிப்பாய் வலது கையில் கடிகாரம் கட்டியிருந்ததால் அவனுக்கு ‘வலக்கை மாப்பிள்ளை’ என்று பெயர். வைத்தவர் அப்பாதான். சாப்பிட உட்கார்ந்தால், “மாப்பிள்ளைக்கும் ஒரு தட்டு வைம்மா,” என்பார்.

படத்தில் உயரமான சிகரம் இடப்பக்கம். மலையைக் கிழக்கிலிருந்து பார்த்தால்தான் அப்படித் தெரியும். விமானம் விழுந்த இடத்தைக் கண்டுபிடிக்க, நில அளவைத் துறையில் ஓய்வுபெற்ற மனிதருக்கு அது போதாதா? ஒவ்வொரு கோடையிலும் கிழக்குச் சரிவைச் சல்லடை போட்டுச் சலித்தார். ஒரு ஆணிகூடச் சிக்கவில்லை. அதில் போய்த் திரும்பாத விமானியின் தங்கைக்குத் தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. மாதம் தவறாமல் போன் செய்வார்.

“தம்பி, எங்கண்ணன் கிடைச்சாரா?”

“அடுத்த கோடைக்குள்ள கிடைச்சுடுவாரும்மா.”

போன வாரம், மூச்சு வாங்க வாங்க அவர் வரைபடத்தை விரித்தபோது மகள் வெடித்துவிட்டாள். “இல்லாத இடத்தைத் தேடித்தேடி உடம்பைக் கெடுத்துக்கிட்டதுதான் மிச்சம்!” அவர் கோபப்படவில்லை. “இடம் இருக்கும்மா. நான்தான் எங்கயோ தப்பா நிக்கிறேன்,” என்றார்.

ஒரு வாரம் முன்னால் இது தெரிந்திருக்கக்கூடாதா? அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

“அழாதம்மா,” என்றார் ஸ்டுடியோக்காரர். “இதோ, சரியாயிடுச்சு பார்.”

வீடு முழுக்க ஆட்கள். அப்பாவின் தலைமாட்டில் புதுப்படத்தை வைத்துவிட்டு, சுவரிலிருந்த விமானப் படத்தைக் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தாள். மாப்பிள்ளையின் கடிகாரம் இடது கைக்கு வந்தது. உயரமான சிகரம் வலப்பக்கம் நின்றது. மேற்குச் சரிவு. அப்பா ஒருநாளும் கால் வைக்காத பக்கம்.

போன் அடித்தது.

“தம்பி இருக்காராம்மா?”

சொன்னாள். போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு நடந்தாள்.

“நல்ல பிள்ளை,” என்றார் கிழவி. பிறகு, தயங்கி, “இனி எங்கண்ணனை யாரும்மா தேடுவா?”

வாசலில் அவளுடைய தம்பி, அப்பாவின் பழைய சாமான்களை ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். மலை ஏறுகிற பூட்ஸைத் தூக்கிக் காட்டினான். “அக்கா, இதையும் போட்டுடவா?”

அவள் தலையசைத்து மறுத்துக் கையை நீட்டினாள்.

“அடுத்த கோடைக்குள்ள கிடைச்சுடுவாரும்மா,” என்றாள் போனில்.

பிறகு பூட்ஸைக் கவிழ்த்து வாசற்படியில் தட்டினாள். கிழக்குச் சரிவின் செம்மண் கொஞ்சம் உதிர்ந்தது.